ஐயாவின் இடது காது

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் பிறகு மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது 'அனுபவம்' என்பது என் தாழ்மையான கருத்து. நெருப்பைக் கொடுத்தால் விறகு செலவாகும். சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தால் நம் வண்டி நின்றுவிடும். அனுபவம் ஒன்றைத்தான் சட்டைப் பைக்குள் கையை விடாமலே அடுத்தவருக்கு அள்ளி அள்ளிக் கொடுக்கலாம். இந்தக் கொடையில் எங்கள் ஐயாவை மிஞ்ச ஆளில்லை. அவரிடம் அனுபவம் பெற்று வெளியேறிய ஜூனியர்கள் இன்று பல துறைகளில் பரவியிருக்கிறார்கள். ஒருவர் காப்பீடு பிடிக்கிறார். ஒருவர் மாமனார் வீட்டில் இருக்கிறார். இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்று அவர் வீட்டாரே விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐயா மூத்த வழக்கறிஞர். நான் அவருடைய குமாஸ்தா. எங்கள் அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில், இரண்டு அறைகளாக இருக்கிறது. உள் அறையில் ஐயாவும் குளிர்சாதனமும். வெளி அறையில் நானும், கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சும், ஜெராக்ஸ் மெஷினும். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஸ்டூல் போடும் அளவுக்கு இடம் இருந்தது. அதை வீணாக்க வேண்டாம் என்று ஐயா அங்கே ஒரு ஜூனியரை உட்கார வைத்தார். அவர்தான் சின்ன வக்கீலம்மா. ஆறு வருடங்கள் அங்கே உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடும்போதெல்லாம் சூடான காற்று அவர் மேல் அடிக்கும். மழைக்காலத்தில் அது எவ்வளவு இதமாக இருந்திருக்கும் என்று ஐயா அடிக்கடி சொல்வார்.

சம்பளம் பற்றிக் கேட்பீர்கள். சின்ன வக்கீலம்மாவுக்குச் சம்பளம் இல்லை, அனுபவம். எனக்கு அப்படியல்ல. எனக்கு ஐயா சம்பளம் நிர்ணயித்திருக்கிறார். நிர்ணயித்தது நிர்ணயித்தபடியே இருக்கிறது. அதை எடுத்துக் கலைக்க அவருக்கும் மனம் வரவில்லை, வாய்விட்டுக் கேட்க எனக்கும் மனம் வரவில்லை. கட்சிக்காரர்கள் போகும்போது 'காப்பி குடிச்சுக்குங்க' என்று கையில் திணிப்பதை வைத்து நான் வீட்டில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தேன்.

இனி ஐயாவின் வாதத் திறமைக்கு வருகிறேன். மற்ற வக்கீல்கள் கட்டுக் கட்டாகக் காகிதங்களைப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வார்கள். ஐயா அந்தத் தவற்றைச் செய்வதே இல்லை. நீதிமன்றத்துக்குப் போவார், எழுந்து நிற்பார், கோட்டைச் சரிசெய்வார், இடது காதைச் சற்றே பின்னால் சாய்ப்பார். அரையடி பின்னால் சின்ன வக்கீலம்மா நிற்பார். அவர் காதுக்குள் ஒரு வரி சொல்வார். ஐயா அதை வெளியே முழங்குவார். அடுத்த வரி, அடுத்த முழக்கம். காதில் விழுவது என்னவோ சாதாரணப் பேச்சுத் தமிழ். வாயிலிருந்து வருவதோ மேடைத் தமிழ். 'பொய் சொல்றான் சார்' என்று உள்ளே போனால், “கனம் நீதிபதி அவர்களே, எதிர்மனுதாரர் உண்மைக்குப் புறம்பாக உரைக்கிறார்” என்று வெளியே வரும். நடுவில் எந்த இடத்திலும் அது நிற்காது என்பதுதான் இதன் சிறப்பு.

ஒரு முறை சின்ன வக்கீலம்மா, 'சார், கோட்டு பட்டன்' என்று சொன்னார். “கனம் நீதிபதி அவர்களே, மேலங்கியின் பொத்தான்” என்று ஐயா முழங்கினார். நீதிபதி பதறிப்போய்த் தன் பொத்தானைப் பார்த்துக்கொண்டார். இன்னொரு முறை, வாதம் முடிந்ததற்கு அடையாளமாக 'அவ்வளவுதான் சார்' என்று சொன்னதை ஐயா அப்படியே முழங்கிவிட்டு உட்கார்ந்தார். அந்த வழக்கில் நாங்கள் ஜெயித்தோம். இவ்வளவு சுருக்கமாக முடித்த வக்கீலைத் தன் பணிக் காலத்தில் பார்த்ததில்லை என்று அந்த நீதிபதி நெகிழ்ந்துபோனார்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஐயா ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். 'கைம்மாறு கருதா உழைப்பு' என்பது மாநாட்டின் தலைப்பு. திரும்பி வந்தவர் முகத்தில் தனி ஒளி இருந்தது. உடனே அலுவலகக் கூட்டம் கூட்டினார். கூட்டத்துக்கு ஐயா, சின்ன வக்கீலம்மா, நான் ஆகியோர் திரளாக வந்திருந்தோம்.

“இனிமே ஏழைகளுக்கு நாம கூலி வாங்காம உழைக்கப் போறோம்,” என்றார் ஐயா.

“ரொம்ப நல்ல விஷயம் சார்,” என்றார் சின்ன வக்கீலம்மா. “யாரு உழைப்பாங்க?”

“நாம.”

“நாமன்னா யாரு சார்?”

ஐயா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

“பத்திரிகைக்காரங்க கேட்டா நான். மத்தபடி நாம,” என்றார்.

'நாம' என்பது ஏகமனதாக ஏற்கப்பட்டதாகக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். மறுநாள் மருந்துக் கடைப் பலகைக்கு மேலே, அதைவிடப் பெரிதாக, 'இலவச சட்ட சேவை' என்று ஒரு பலகை ஏறியது. ஏழைகள் வந்தார்கள். என் நிலைமைதான் கொஞ்சம் நுட்பமானது. கட்டணம் கட்டுகிறவர்கள்தான் 'காப்பி குடிச்சுக்குங்க' என்பார்கள். இலவசமாக வருகிறவர்கள் இரண்டு கையையும் கூப்பிக் கண் கலங்கினார்கள். நன்றிக்கு மளிகைக் கடையில் எதுவும் கிடைப்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது. அதுவும் ஓர் அனுபவம்.

இலவசமாக வந்தவர்களில் ஒருவர்தான் கேக்காரர். ஒரு பேக்கரியில் கேக் மேல் கிரீமால் பெயர் எழுதுகிறவர். முப்பது வயதிருக்கும். மூன்று வருடங்களாகப் பெயர் எழுதியிருக்கிறார். முதலாளி அதற்குப் 'பயிற்சி' என்று பெயர் எழுதியிருக்கிறார். சம்பளம் கிடையாது. சாயங்காலம் கடை கட்டும்போது உடைந்த பிஸ்கட் ஒரு பொட்டலம். சம்பளம் என்று வாயெடுத்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

“நான் எழுதாத பேரு இல்லம்மா,” என்று அவர் சின்ன வக்கீலம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “ஊர்ல இருக்கற பிள்ளைங்க பேரெல்லாம் எழுதியாச்சு. எம் பொண்ணு பொறந்தநாளுக்கு ஒரு கேக் எடுத்துக்கறேன்னு கேட்டேன். உடைஞ்ச பிஸ்கட்ல எழுதிக்கோன்னாங்க.”

சின்ன வக்கீலம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். மெஷினை அணைக்கச் சொன்னார். அன்று முழுக்க அவரோடு உட்கார்ந்து, எத்தனை மணிக்குப் போவார், யார் வேலை ஏவுவார்கள், வராத நாளில் யார் எழுதுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“நான் வராத நாள்ல பேரு இல்லாமத்தான் கேக் போகும். ஆளுங்க திட்டிட்டு வாங்கிட்டுப் போவாங்க,” என்றார் கேக்காரர். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். “உங்களுக்கு எவ்வளவும்மா குடுக்கணும்?”

“ஒண்ணும் வேணாண்ணே.”

“சும்மா யாராவது வேலை செய்வாங்களாம்மா?”

மூன்று வருடங்கள் சும்மா வேலை செய்தவர் இதைக் கேட்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. சின்ன வக்கீலம்மா சிரிக்கவில்லை.

“இது நானாப் பாத்துக் குடுக்கறது. வேணாம்னு நெனச்சா குடுக்காம இருக்கலாம். உங்ககிட்டேர்ந்து அவங்க எடுத்தது வேற,” என்றார்.

இரண்டிலும் காசு கைமாறவில்லையே, இதில் என்ன வேற்றுமை என்று நான் யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை. நான் மெஷினை மறுபடி போட்டேன்.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சின்ன வக்கீலம்மா உள் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் நான் ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

“சார், ஒரு விஷயம் பேசணும். எங்க மாமா குளியலறைச் சாமான் கடை வெச்சிருக்கார். கல்லாவுக்கு ஆள் வேணுமாம். முதல் தேதி வந்து உட்காருன்னுட்டார். அம்மாவும் சரின்னுட்டாங்க.”

“கல்லாவா? சட்டம் படிச்ச பொண்ணு கல்லாவுல உட்கார்றதா?”

“எனக்கும் போகப் பிடிக்கல சார். இந்தத் தொழில்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. அதனாலதான் கேக்கறேன். மாசம் ஏதாவது ஒரு தொகை குடுத்தீங்கன்னா வீட்டுல சொல்லிட்டு இங்கேயே இருந்துடுவேன்.”

ஐயா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் கண்களில் வருத்தம் தெரிந்தது.

“சம்பளம்னு கேக்காதம்மா. நீ இங்க கத்துக்க வந்திருக்க. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குச் சம்பளமா குடுக்கறாங்க?”

“பள்ளிக்கூடத்துல ஆறு வருஷம் ஒரே வகுப்புல உட்கார வெக்க மாட்டாங்க சார்.”

“நான் உன்ன ஜூனியராவே பாக்கல. மக மாதிரி பாக்கறேன்.”

“அப்ப மகனுக்குக் குடுக்கறதுல பாதி குடுங்க சார், போதும்.”

இந்த இடத்தில் ஐயாவின் மகனைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டில் ஓர் அலுவலகத்தில் அவனைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு, சம்பளம் கிடையாது என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு ஐயா சாப்பிடவில்லை. 'படிச்ச பிள்ளைகிட்ட ஓசியில வேலை வாங்கறானுங்க, பகல் கொள்ளை' என்று அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். அந்த அலுவலகத்துக்கு ஒரு கண்டனக் கடிதம் போனது. அடுத்த மாதமே பையனுக்குச் சம்பளம் வந்துவிட்டது. கடிதத்தை எழுதியவர் சின்ன வக்கீலம்மா. அதற்கும் அவருக்கு அனுபவம் கிடைத்தது.

“இந்தக் கேக் கேஸ் முடியட்டும். அப்புறம் உன் விஷயத்தப் பாக்கலாம்,” என்றார் ஐயா.

“போன வருஷமும் ஒரு கேஸ் முடியட்டும்னீங்க சார்.”

“அது முடிஞ்சுதா இல்லையா? நான் சொன்ன சொல் தவறமாட்டேன்,” என்று ஐயா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

சின்ன வக்கீலம்மா வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். “முதல் தேதி வரைக்கும் பாப்போம்ணே,” என்று என்னிடம் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

விசாரணை நாளில் கூடம் நிறைந்திருந்தது. கூலி வாங்காமல் கூலிக்காக வாதாடும் வக்கீலைப் பார்க்கப் பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஐயாவே முந்தின நாள் ஃபோன் செய்திருந்தார். நீதிபதி ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. அதிகம் பேசமாட்டார், கேட்பதை மட்டும் நன்றாகக் கேட்பார்.

பேக்கரி முதலாளி கூண்டில் ஏறினார். “நான் அவரை வேலைக்காரரா நெனச்சதே இல்லைங்க. எங்க வீட்டுப் பிள்ளை. தொழில் சொல்லிக் குடுத்தேன். கிரீம் செலவு, கேக் செலவு எல்லாம் என்னோடது. நியாயமாப் பாத்தா அவர்தான் எனக்குக் கட்டணம் கட்டணும்,” என்றார். அவர் வக்கீல், மனுதாரர் தானே விரும்பி வந்தவர், யாரும் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை என்று வாதாடினார். அவருக்கும் பின்னால் அரையடியில் ஒரு ஜூனியர் நின்று, காதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீதிபதி எங்கள் பக்கம் திரும்பினார்.

“ஒரு விஷயம் எனக்குத் தெளிவாக வேண்டும். மனிதர்கள் கூலி வாங்காமல் வேலையே செய்யக் கூடாதா? பக்கத்து வீட்டுக்காரர் குடிபோகும்போது கட்டில் தூக்கிக் கொடுக்கிறவர் நாளைக்குக் கூலி கேட்டு இங்கே வந்து நிற்கலாமா? எதை வைத்துப் பிரிப்பது?”

ஐயா எழுந்தார். கோட்டைச் சரிசெய்தார். காதைச் சாய்த்தார். சின்ன வக்கீலம்மா கையில் இருந்த குறிப்பைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

'செய்யலாம். யாரு வேணாலும் செய்யலாம்.'

“கனம் நீதிபதி அவர்களே, செய்யலாம். எவரும் செய்யலாம்.”

'ஆனா முடியாதுன்னு சொல்ல முடிஞ்சவன் செஞ்சாத்தான் அது விருப்பம்.'

“ஆயினும், மறுக்க இயன்றவன் செய்தால் மட்டுமே அது விருப்பம் எனப்படும்.”

'அவன் நாளைக்கு வரலைன்னா யாருக்குக் கஷ்டம்னு பாருங்க. அவனுக்கு மட்டும்னா அது படிப்பு. முதலாளிக்குன்னா அது வேலை. வேலைன்னா கூலி.'

“அவன் நாளை வராவிடில் இடர்ப்படுபவர் யார்? அவன் மட்டுமே எனில், அது கல்வி. முதலாளி எனில், அது உழைப்பு. உழைப்பெனில், ஊதியம்.”

நீதிபதி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். “நல்ல அளவுகோல்,” என்றார். எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தவர் ஐயாவைப் பார்க்கவில்லை, அவருக்கு அரையடி பின்னால் பார்த்தார்.

எங்கள் வாதம் அதோடு முடிந்தது. சின்ன வக்கீலம்மா 'அவ்வளவுதான் சார்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஐயாவின் காதும் சாய்ந்தபடியே இருந்தது. அடையாளச் சொல் வராமல் அவர் உட்காரமாட்டார், அவ்வளவு கட்டுப்பாடு. நான் சின்ன வக்கீலம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. நெடுந்தூரம் சுமந்து வந்த பையைக் கீழே வைக்கிறவர் முகம் மாதிரி இருந்தது.

'ஆறு வருஷமாக் கத்துக்கறாங்கன்னா, ஒண்ணு கத்துக்கறவங்களுக்கு மூளை இல்ல, இல்லைன்னா சொல்லிக் குடுக்கறவருக்கு ஒண்ணும் தெரியல.'

“ஆறாண்டு காலம் ஒருவர் பயில்கிறார் எனில், ஒன்று பயில்பவர் அறிவிலி, அன்றேல் பயிற்றுபவர் ஏதும் அறியாதவர்.”

“மனுவில் மூன்று வருடம் என்றுதானே இருக்கிறது?” என்றார் நீதிபதி.

ஐயா காதைக் கேட்டார். 'ஆறு.'

“ஆறு,” என்று முழங்கினார்.

எதிர்த்தரப்பிலிருந்து ஆட்சேபணை வரவில்லை. ஆட்சேபணையைக் காதில் சொல்ல வேண்டிய ஜூனியர், பேனாவை மூடிவிட்டு எங்கள் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்.

'மக மாதிரின்னாரு. மகனுக்குச் சம்பளம் இல்லைன்னதும் சோறு இறங்கல அவருக்கு.'

“மகள் போன்றவள் என்றார். மகனுக்கு ஊதியமில்லை என்றதும் அவருக்கு உணவு இறங்கவில்லை.”

“மனுதாரர் ஆண் அல்லவா?” என்றார் நீதிபதி.

'சொல்லிட்டு வரேன்.'

“சொல்லிவிட்டு வருகிறேன்,” என்று ஐயா கையை உயர்த்தினார்.

'ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல, அந்தச் சூட்டுல உட்கார வெச்சிருந்தாரு.'

“ஒளிநகல் இயந்திரத்தின் அருகில், அதன் வெப்பத்தில் அமர்த்தியிருந்தார்.”

“பேக்கரியில் ஒளிநகல் இயந்திரமா?”

“அடுப்பைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்,” என்று எதிர்த்தரப்பு வக்கீலே எழுந்து உதவினார். பெரியவர்களுக்குள் எப்போதும் ஓர் இணக்கம் உண்டு. பத்திரிகைக்காரர்கள் 'அடுப்பு' என்று எழுதிக்கொண்டார்கள்.

'நாளையிலேர்ந்து நான் வரல சார்.'

“நாளை முதல் நான் வரமாட்டேன், கனம் நீதிபதி அவர்களே.”

கூடம் திகைத்துப்போய் ஐயாவையே பார்த்தது. நீதிபதி மட்டும் திகைக்கவில்லை. “ஏன்?” என்று கேட்டார்.

ஐயா காதைச் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். சின்ன வக்கீலம்மா வழக்குக் கோப்பை என் கையில் கொடுத்துவிட்டு, நீதிபதியை வணங்கிவிட்டு, கேக்காரரின் தோளை ஒரு முறை தொட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டிருந்தார். பல வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஐயா தன் சொந்தச் சரக்கிலிருந்து ஒரு வாதத்தை எடுத்து வைத்தார்.

“அவ்வளவுதான்,” என்றார்.

மறுநாள் பத்திரிகைகள் ஐயாவைக் கொண்டாடின. கூலியற்ற உழைப்பு ஒழியும் வரை நீதிமன்றப் படி ஏறமாட்டேன் என்று அவர் சூளுரைத்ததாக எழுதியிருந்தார்கள். ஐயா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நான் இதைச் சொன்னேனா?” என்றார். சொன்னீர்கள் என்றேன். “நல்லாத்தான் சொல்லியிருக்கேன்,” என்றார். வாரக் கடைசியில் ஒரு சங்கம் அவருக்கு 'உழைப்பின் குரல்' என்று பட்டம் கொடுத்தது. குரல் அவருடையதுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

தீர்ப்பும் வந்தது. கேக்காரருக்கு மூன்று வருடச் சம்பளம் கிடைத்தது. அவர் தன் கையாலேயே ஒரு கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்தார். 'வக்கீலம்மாவுக்கு நன்றி' என்று அதன் மேல் அழகாக எழுதியிருந்தார். சின்ன வக்கீலம்மா இங்கே இல்லை என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. ஐயா கேக்கைக் கூர்ந்து பார்த்தார். “ஐயான்னு எழுத வந்து அம்மான்னு எழுதிட்டான், பாவம்,” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கமாக ஒரு துண்டு வெட்டிக்கொண்டார்.

அடுத்து ஸ்டூலுக்கு ஆள் தேடினோம். வருகிறவர்கள் எல்லாரும் தீர்ப்பைப் படித்துவிட்டு வந்தார்கள். ஒரு பெண், “நான் நாளைக்கு வரலைன்னா யாருக்குக் கஷ்டம் சார்?” என்று கேட்டாள்.

“உனக்குத்தாம்மா கஷ்டம்.”

“அப்ப நான் பாத்துக்கறேன் சார்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வழக்குகள் வாய்தா மேல் வாய்தா வாங்கின. ஐயா நீதிமன்றப் படி ஏறாததை நாடே தியாகமாகப் பார்த்தது. கட்டணக் கட்சிக்காரர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் வழக்குக் கோப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று விசாரித்தேன். குளியலறைச் சாமான் கடைக்குப் போகிறார்கள். அங்கே வாஷ்பேசின்களுக்கு நடுவில், மாமா ஒதுக்கிக் கொடுத்த இடத்தில், சின்ன வக்கீலம்மா ஒரு மேசை போட்டிருந்தார். கல்லாவிலும் உட்காருகிறார், வழக்கும் பார்க்கிறார். மாமா அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார். ஒரு நாள் அந்த வழியாகப் போனபோது, “உள்ள வாங்கண்ணே,” என்று கூப்பிட்டுக் காப்பி வாங்கிக் கொடுத்தார். எனக்குச் சம்பளம் வருகிறதா என்று கேட்டார். நிர்ணயித்தது அப்படியே இருக்கிறது என்றேன். பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் ஐயாவுக்கே சம்மன் வந்தது. ஆறு வருட உழைப்புக்கு ஊதியம் கேட்டுச் சின்ன வக்கீலம்மா வழக்குப் போட்டிருந்தார்.

“உங்க வாதத்தையே மேற்கோள் காட்டியிருக்காங்க ஐயா,” என்றேன்.

“பேரு போட்டுக் காட்டியிருக்காளா?” என்றார் ஐயா.

“உங்க பேருதான் ஐயா. பெரிசா.”

“நல்ல பொண்ணு. நன்றி மறக்கல,” என்றார். வேறு வக்கீல் வைத்துக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. உழைப்பின் குரலுக்காக இன்னொருவர் குரல் கொடுப்பதா என்று கேட்டார். பின்னால் நிற்கத்தான் ஆள் இல்லை. என்னைப் பார்த்தார். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து பார்த்த 'அனுபவம்' உனக்கும் இருக்குமே என்றார். இருக்கிறது என்றேன்.

சம்மனுக்காக ஐயா மறுபடி நீதிமன்றப் படி ஏறினார். அதே கூடம், அதே நீதிபதி. சின்ன வக்கீலம்மா தனியாக எழுந்து நின்றார். அவர் பின்னால் யாரும் இல்லை. முன்னாலும் யாரும் இல்லை. நீதிமன்றத்தில் ஆறு வருடங்கள் நான் அவர் கிசுகிசுப்பைத்தான் கேட்டிருக்கிறேன். குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். சத்தம் போடாத, தெளிவான குரல்.

“எனக்கு ஒரே கேள்விதான், கனம் நீதிபதி அவர்களே. நான் வராமல் போன நாளிலிருந்து இன்று வரை, எதிர்மனுதாரர் எத்தனை வழக்குகளில் எழுந்து வாதாடியிருக்கிறார்?”

கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். நீதிபதி ஐயாவைப் பார்த்தார்.

“பதில் சொல்லுங்கள். இவருக்கு நீங்கள் ஊதியம் கொடுத்தீர்களா, இல்லையா?”

ஐயா கம்பீரமாக எழுந்தார். கோட்டைச் சரிசெய்தார். இடது காதைப் பின்னால் சாய்த்தார். அந்தக் காதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. சுத்தமான, பராமரிக்கப்பட்ட காது. நான் என் வீட்டு அரிசி டப்பாவை நினைத்தேன். எதிரே, தன் காசில் வாங்கிய ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த சின்ன வக்கீலம்மாவைப் பார்த்தேன். ஐயாவின் பெருமைகளை இவ்வளவு நேரம் உங்களிடம் மனதாரச் சொன்னவன் நான். அந்த நேரத்தில் அவற்றில் ஒன்றுகூட என் ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். குனிந்து அதைச் சொன்னேன்.

ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டார். கூடம் அதிர முழங்கினார்.

“கனம் நீதிபதி அவர்களே, குமாஸ்தாவுக்கும் கொடுக்கவில்லை.”